கயிறு கட்டாத பெட்டி

ஆப்பிரிக்கா என்றுதான் முதலில் பேச்சு. தான்சானியாவில் ஓர் ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே மலேரியா அதிகம், மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும் என்று மிஷனெரி சங்கத்துப் பெரியவர்கள் ஜெயசீலனுக்கு விளக்கியிருந்தார்கள். அவனுக்கும் பியூலாவுக்கும் அப்போதுதான் நிச்சயம் முடிந்திருந்தது. மெஞ்ஞானபுரத்து வீட்டில் பியூலாவின் அம்மா நான்கு கொசுவலைகளை வாங்கி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அந்த விசா இழுத்துக்கொண்டே போயிற்று. அதற்குள் துபாயில் இருந்த ஒரு தமிழ்ச் சபை ஊழியர் வேண்டுமென்று கேட்டு எழுத, கல்யாணமான நான்காம் மாதம் ஜெயசீலன் அங்கே போய் இறங்கினான். கொசுவலைகள் பரணுக்குப் போயின.

உறவுக்காரர்களுக்கு இது நல்ல வேடிக்கை. ஊரில் உள்ளவன் எல்லாம் துபாய்க்குப் போய் மச்சு வீடு கட்டுகிறான், நம்ம மாப்பிள்ளை துபாய்க்குப் போயும் மிஷனெரிச் சம்பளம் வாங்குகிறார் என்று பியூலாவின் சித்தப்பா பந்தியில் உட்கார்ந்து சொல்ல, பக்கத்து இலைக்காரர்களுக்குப் புரையேறியது. பியூலாவும் சிரித்தாள். அவளுக்கு அவன் இருக்கும் இடம் எதுவானாலும் சரிதான். விசா வர ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் அவள் மனதுக்குள் ஒரு வீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். சின்னக் கூடம், இரண்டு நாற்காலி, ஜன்னலோரம் ஒரு மேஜை, அதில் அவன் பிரசங்கம் எழுதுவான், இவள் டீ கொண்டுவந்து வைப்பாள்.

2003 ஜனவரியில், ஒரு புதன்கிழமை, துபாயின் சத்வா பகுதியில் தையல் கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடியில் அந்த வீட்டின் கதவைத் திறந்தபோது, கூடத்தில் நாற்காலி போட இடமே இல்லை. சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். எல்லாம் நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டப்பட்டு, மேலே கறுப்பு மையால் கொட்டை எழுத்தில் பெயரும் ஊரும் எழுதப்பட்டவை. திருவனந்தபுரம், சென்னை, திருச்சி. எண்ணிப் பார்த்தாள், இருபத்திரண்டு. படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் இன்னும் மூன்று.

சபையாரில் பாதிப் பேர் தொழிலாளர் கேம்பில் ஒரு ரூமுக்கு எட்டுப் பேராகப் படுப்பவர்கள், மீதியில் பலர் அரபி வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் என்று ஜெயசீலன் விளக்கினான். அவர்களுக்குத் தங்கள் உடம்பை வைக்கவே இடம் போதாது. லீவுக்கு ஊருக்குப் போகிறபோது கொண்டுபோக, மாதத்துக்கு ஒன்றாக வாங்குகிற சாமானை எங்கே வைப்பார்கள்? பாஸ்டர் வீட்டில் வைப்பார்கள். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் சேர்த்து, லீவு வந்ததும் எடுத்துப் போவார்கள். அவனுக்கு முன்னிருந்த பாஸ்டர் காலத்திலிருந்தே அப்படித்தான்.

"நாம குடித்தனம் நடத்தப் போறது வீட்லயா, குடோன்லயா அத்தான்?" என்றாள் பியூலா.

"நான் வந்து மொத பிரசங்கம் பண்ணுததுக்கு முன்னாலயே பெட்டியக் கொண்டாந்து வச்சுட்டாவ பியூலா. ஆளு எப்படின்னு தெரியாமலே நம்பிட்டாவ. அதை மட்டும் தொட்டுறாத, என்ன?" என்றான் அவன்.

அவள் தொடவில்லை. கயிறு கட்டியவற்றை.

புது ஊரில் பழக நிறைய இருந்தது. வெள்ளிக்கிழமைதான் இங்கே ஞாயிற்றுக்கிழமை. ஒரே வளாகத்தில் மலையாளக்காரர்கள் ஆராதனை முடித்து வெளியே வர, தமிழர்கள் உள்ளே போக வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம். அதற்குள் பிலிப்பைன்ஸ்காரர்கள் கிட்டாரோடு வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். ஜெபம் கொஞ்சம் நீண்டால் வெளியே கம்பிகளை மீட்டிச் சரிபார்க்கும் சத்தம் கேட்கும். பேச வேண்டியவர்கள் கூப்பிட மாட்டார்கள், மிஸ்டு கால் கொடுப்பார்கள். யார் எத்தனை முறை கொடுத்தால் என்ன அர்த்தம் என்பதை அவன் ஒரு தாளில் எழுதி ஒட்டியே வைத்திருந்தான்.

ஊரில் அவள் மாமியார் பகலில் வீடு வீடாகப் போய்ச் சபையாரை விசாரிப்பதைப் பார்த்த பழக்கத்தில், வந்த ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஒரு நர்ஸ் பெண்ணின் வீட்டைச் சந்திக்கக் கிளம்பினாள். இரவு டூட்டி முடிந்து படுத்திருந்த அந்தப் பெண் வீங்கிய கண்ணோடு கதவைத் திறந்து, முகம் கோணாமல் டீயும் போட்டுக் கொடுத்தாள். கட்டிலில் இன்னொருத்தி போர்வைக்குள் புரண்டாள். பியூலா வீட்டுக்கு வந்து எதிர்வீட்டு மெஹர்பானுவிடம் சொல்லி வெட்கப்பட்டாள். காயல்பட்டினத்துக்காரியான மெஹர்பானு, தேங்காய் எந்தக் கடையில் அழுகாமல் கிடைக்கும் என்பதிலிருந்து சிக்னலில் எப்போது சாலையைக் கடக்கலாம் என்பதுவரை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். இந்த ஊரில் யாருக்கு எப்போது பகல் என்று அவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சிரித்தாள்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் இருந்தது. அதைப் பியூலா கேட்கவில்லை.

சமையலறை வாசல் ஓரமாக ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. இதற்கு மட்டும் கயிறு இல்லை, மேலே பெயர் இல்லை, மூடி திறந்தே கிடந்தது. அவள் வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஆராதனை முடிந்து அறுபது பேர் வீட்டுக்கு வந்து அவள் கையைப் பிடித்து நலம் விசாரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் நேராக அந்தப் பெட்டியிடம் போய், முந்தானைக்குள்ளிருந்து இரண்டு சோப்பையும் ஒரு துண்டையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனதைப் பியூலா பார்த்தாள். கூட்டம் போனபின் எட்டிப் பார்த்தாள். இரண்டு கனத்த கம்பளி, நான்கு சட்டைத் துணி, துண்டுகள், சோப்பு, தைலம், டார்ச் லைட், ஒரு சுவர்க்கடிகாரம். ஒவ்வொன்றிலும் சின்னத் தாள் ஒட்டி ஒரு பெயர். லீலா. தங்கதுரை. ஜோதி. பொன்ராஜ். சங்கீதா.

மெஞ்ஞானபுரத்தில் பிறந்து வளர்ந்த எவளுக்கும் அது என்னவென்று கேட்கத் தோன்றாது. அவர்கள் ஊரில் ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் கோயிலில் கொண்டுவந்து வைக்கிற பூசணிக்காயில், வாழைத்தாரில், கோழிக்கூட்டில் எல்லாம் அப்படித்தான் கொடுத்தவர் பெயர் ஒட்டியிருக்கும். குருவானவர் வீட்டில் திறந்த பெட்டி இருந்தால் அது ஏழைகளுக்கென்று சபையார் போடுகிற பெட்டி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அதைப் பிரித்துக் கொடுப்பது குருவானவரின் மனைவி செய்கிற வேலை. பியூலாவுக்கு அந்தப் பெட்டி ஒன்றுதான் இந்த வீட்டில் தனக்கென்று இருக்கும் வேலையாகத் தெரிந்தது.

மூன்றாவது வாரம் ஜெயசீலன் அபுதாபிக்கு மேற்கே எண்ணெய் வயல்களில் இருக்கும் தமிழர்களைப் பார்க்க நான்கு நாள் போயிருந்தான். செவ்வாய்க்கிழமை பகலில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள், முழங்கையில் கட்டோடு, வாசலுக்கு வெளியே இரண்டடி தள்ளி நின்றார். பெயர் கார்மேகம், கமுதிப் பக்கம், பாஸ்டர் தங்கள் ரூமில் ஒரு பையனைப் பார்க்க வரும்போது பழக்கம் என்றார். அல்கூஸ் கேம்பில் அவர்கள் ரூம் முந்தின நாள் எரிந்துவிட்டது. யாரோ சுருள் ஹீட்டரை அணைக்காமல் டூட்டிக்குப் போய்விட்டார்கள். எட்டுப் பேருக்கும் உடுத்திருந்தது தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. கம்பெனி வேறு ரூம் கொடுத்திருக்கிறது, கட்டில் மட்டும் இருக்கிறது, குளிர் தாங்கவில்லை. பாஸ்டரிடம் பழைய துணி ஏதாவது இருந்தால் என்று இழுத்தார்.

பியூலா அவரை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கம்பளிகளைத் தூக்கினாள். சரியான நேரத்துக்கு இதைச் சேர்த்து வைத்த அந்தச் சபையாரை மனதுக்குள் வாழ்த்தினாள். தாள்களை ஒவ்வொன்றாக உரித்து, பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, பெட்டியை அப்படியே அவரிடம் கொடுத்தாள். கார்மேகம் அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் புதுசாக இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டார். கொடுக்கிறவர்கள் நல்லதாகத்தானே கொடுப்பார்கள் என்றாள் பியூலா.

வியாழக்கிழமை களைத்துப்போய் வந்த ஜெயசீலனிடம், சபையார் கொடுத்திருந்ததைக் கேம்புக்குக் கொடுத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னாள். யாரோ முன்பு கொண்டுவந்து போட்டிருந்த பழைய துணிப்பையைச் சொல்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். நல்ல காரியம் செய்தாய் என்று அவள் தலையைத் தடவிவிட்டுத் தூங்கிப்போனான்.

மறுநாள் ஆராதனையில் பாஸ்டரம்மா நாலு வார்த்தை பேச வேண்டும் என்று சபைச் செயலர் அழைத்தார். பியூலா எழுந்து, எரிந்துபோன ரூமைப் பற்றியும் எட்டுப் பேரைப் பற்றியும் சொன்னாள். கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல விரும்புவதாகவும், பெயர் வாசிக்கும்போது அவர்கள் எழுந்து நிற்க வேண்டுமென்றும் சொல்லி வாசித்தாள்.

லீலா. யாரும் எழவில்லை. தங்கதுரை. ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஜோதி, பொன்ராஜ் என்று வாசிக்கும்போது கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. சங்கீதா என்றதும் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். ஐம்பதை நெருங்கும் வயது, அன்று பெட்டியில் சோப்பும் துண்டும் வைத்துவிட்டுப் போனவள். பியூலா அவளைப் பார்த்துப் புன்னகை செய்தாள். அந்தப் பெண்ணின் உதடு மட்டும் அசைந்தது, பிறகு மெதுவாக உட்கார்ந்துவிட்டாள்.

ஆராதனை முடிந்து, பிலிப்பைன்ஸ்காரர்கள் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும்போது, மதிலோரம் அவள் பியூலாவிடம் வந்தாள். பெயர் ஜெயமணி, சாத்தான்குளம் பக்கம், ஜுமைராவில் ஓர் அரபி வீட்டில் வேலை.

"பாஸ்டரம்மா, நீங்க வாசிச்ச பேரெல்லாம் எங்க வீட்டு ஆளுவ பேரு. ஆளாளுக்கு என்னதுன்னு மறந்துரக் கூடாதுன்னு எழுதி ஒட்டி வச்சிருந்தேன். பெட்டி நெறையட்டும்னுதான் கயிறு கட்டல."

ஜெயமணி சத்தம் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நான்கு வருஷம் கழித்து முதல்முறையாக ஊருக்குப் போவதாகவும், வருகிற செவ்வாய்க்கிழமை மதியம் விமானம் என்றும் சொன்னாள். லீலா மூத்தவள். சங்கீதா இளையவள். பொன்ராஜும் ஜோதியும் மருமகன்மார். இரண்டு கல்யாணத்துக்கும் அவள் ஊரில் இல்லை. மருமகன்மார் முகத்தைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். தங்கதுரை அவள் தம்பி. அவன்தான் அவள் இடத்தில் நின்று இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்தவன். யார் யாருக்கு என்னென்ன வாங்கியிருக்கிறேன் என்று போனில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாளாம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நான் போய்க் கேட்டு வாங்கித் தாரேன்" என்றாள் பியூலா.

"கேக்காதிய. எரிஞ்சுபோன ரூம்ல கெடக்குத ஆளுவள்ட்ட போயிக் குடுத்ததைத் தாங்கன்னு கேட்டா, அது நமக்கு நல்லாவா இருக்கும்? என் பேரச் சொல்லி அப்படி ஒண்ணும் செஞ்சிராதிய."

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ஆராதனை முடிந்து பாஸ்டர் வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டுப் போகிறவள் அன்று வரவில்லை.

மாலையில் பெட்டி வைத்திருந்த மற்றவர்கள் அவற்றை எடுத்துப்போக வந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை, ஒரு சுடுசொல் கிடையாது. ஒருவருக்கு லீவு பக்கத்தில் வந்துவிட்டதாம். இன்னொருவருக்கு ரூமில் இடம் கிடைத்துவிட்டதாம். ஒரு நர்ஸ் பெண் காரணம் எதுவும் யோசித்து வைக்காமல் வந்துவிட்டு, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, வாறேன் பாஸ்டரம்மா என்று மட்டும் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயசீலனே அவர்களுக்குப் பெட்டியைத் தூக்கிக் கீழே டாக்ஸியில் ஏற்றினான். பன்னிரண்டு பெட்டிகள் போயின. கூடத்தில் இப்போது நாற்காலி போட வேண்டிய அளவுக்கு இடம் இருந்தது. பியூலா அந்த வெறும் தரையைத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

"ஏழு மாசமா நீங்க சேத்து வச்ச பேரை மூணு வாரத்துல அழிச்சுட்டேன் அத்தான். என்னை ஊருக்கு அனுப்பிருங்க."

ஜெயசீலன் அவள் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். வந்த புதிதில் தான் ஒரு முஸ்லிம் வீட்டு மரண விசாரிப்புக்கு, அவர்களுக்கு அந்த வழக்கம் இல்லையென்று தெரியாமல், பூமாலை வாங்கிக்கொண்டு போய் நின்ற கதையைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. தன் சம்பளத்தில் முடிந்ததை வாங்கிப் பெட்டியை நிரப்பிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தான். இரண்டு சோப்பும் ஒரு துண்டுமாக இரண்டு வருஷம் பார்த்துப் பார்த்து வாங்கியதை ஒரே நாளில் கடையில் அள்ளிவந்து நீட்டினால் ஜெயமணி வாங்குவாளா என்று இவள் கேட்டாள். கேம்பில் போய்க் கேட்கவும் முடியாது. சபை கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டது என்று ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அவன் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே, கேம்புக்குப் போகலாம் என்றாள். கேட்க வேண்டாம் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறதே என்றான் ஜெயசீலன்.

"கேக்கப் போகல. நடந்ததைச் சொல்லப் போறேன். சபை குடுத்ததுன்னு நான் சொன்னது பொய்லா? அவுங்க அதை நெனச்சுக்கிட்டுக் கம்பளியப் போத்திட்டு இருக்காங்க. அது அப்படியே கெடக்கக் கூடாது."

தானே பேசுவதாக அவன் சொன்னதற்கும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

அல்கூஸில் கேம்ப் வாசலில் வாட்ச்மேன் பெண்களை உள்ளே விட முடியாது என்றான். கேட்டுக்குப் பக்கத்தில் சிமெண்ட் திண்டு ஒன்று இருந்தது. மாலை ஆறு மணிக்கு டூட்டி பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. கார்மேகமும் மற்ற ஏழு பேரும் முகம் கழுவி, ஈரத் தலையோடு வந்தார்கள். பாஸ்டரையும் அவளையும் பார்த்ததில் அவர்களுக்குச் சந்தோஷம். கம்பளியை இரண்டு இரண்டு பேராக முறை வைத்துப் போர்த்திக்கொள்வதாக ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். பியூலாவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஜெயசீலன் அவளைப் பார்த்தான். பேசட்டுமா என்று அந்தப் பார்வை கேட்டது. அவள் தலையசைத்து மறுத்துவிட்டு, பெட்டி யாருடையது, பெயர்த்தாள் என்ன, தான் என்ன நினைத்தாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் திருப்பிக் கேட்கக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள், அவர்களுக்கு இது தெரிய வேண்டும் என்பதற்காக மட்டுமே வந்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று முடித்தாள்.

பின்னால் நின்ற ஓர் இளவட்டம், குடுத்ததுக்கப்புறம் வந்து இதைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று முனகினான்.

"சும்மா இர்றா" என்றார் கார்மேகம். பிறகு பியூலாவைப் பார்த்து, "அந்தம்மாவுக்கு என்னைக்கும்மா பிளைட்டு?" என்றார்.

செவ்வாய்க்கிழமை என்றாள்.

"எங்க ரூம்ல நாலு பேரு பெட்டி எரிஞ்சு போச்சும்மா. எனக்கு அடுத்த மாசம் லீவு. பதினெட்டு மாசம் சேத்தது. எம்மகளுக்கு ஒரு பாவாடை, ஜரிகை வச்சது, இந்தச் சத்வாவுலதான் வாங்கினேன். நெருப்புல போனதை யார்ட்டப் போயிக் கேக்க? அந்தம்மாவோடது இன்னும் இருக்குல்ல. இருக்கையில நாங்க வச்சுக்கிட்டா நல்லாருக்குமா?"

எட்டுப் பேரும் உள்ளே போனார்கள். அந்த இளவட்டம்தான் முதலில் திரும்பி வந்தான், கையில் சுவர்க்கடிகாரத்தோடு. கம்பளி இரண்டும் மடித்தபடி வந்தன. டார்ச் லைட் வந்தது. சட்டைத் துணி நான்கில் மூன்று வந்தன. ஒன்றை முந்தாநாள் ஊருக்குப் போன பக்கத்து ரூம்காரனிடம் ஒருவன் தன் அப்பாவுக்கென்று கொடுத்தனுப்பிவிட்டான். தைலம் பாதிதான் இருந்தது. துண்டையும் சோப்பையும் உபயோகித்துவிட்டோம், அதைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை என்றார் கார்மேகம். குளிருக்கு என்ன செய்வீர்கள் என்று பியூலா கேட்டதற்கு, ரூமில் எட்டுப் பேர் மூச்சு விட்டால் போதும் என்றார்கள்.

திங்கட்கிழமை காலை ஜெயசீலன் பெட்டியைத் தூக்கிக்கொள்ள இருவரும் ஜுமைராவுக்கு நடந்தார்கள். பின்பக்கக் கேட்டுக்கு உள்ளே அவன் வரக்கூடாது. கேட்டிலிருந்து பியூலாவே பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள். கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி ஓர் அறை, அதில் இரண்டு கட்டில். ஒன்று ஜெயமணிக்கு, மற்றது இலங்கையிலிருந்து வந்த சமையல்காரி நீலாவுக்கு. ஜெயமணி பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்தது.

"கேக்காதியன்னுதான சொன்னேன்?"

கேட்கவில்லை, சொன்னேன், அவர்களாகவே கொடுத்தார்கள் என்றாள் பியூலா. ஜெயமணி நம்பாமல் பார்த்தாள். கார்மேகத்தின் பெட்டியைப் பற்றியும் அதிலிருந்த ஜரிகைப் பாவாடையைப் பற்றியும் பியூலா சொன்ன பிறகு அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கம்பளியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அதில் போர்த்தியவர்களின் பீடி வாடை லேசாக இருந்தது.

பிறகு இருவருமாகத் தரையில் உட்கார்ந்து சாமானை அடுக்கினார்கள். ஜெயமணி புதிதாகத் தாள் கிழித்து எழுதி ஒட்டினாள். இரண்டு மருமகன்மாருக்கும் சட்டைத் துணி, ஒன்று பேரன் பெரியவனாகிப் போட்டுக்கொள்ளட்டும் என்று பேரன் பெயருக்கு. துண்டுக்குப் பதிலாக ஒன்றும் இல்லை, இல்லையென்றால் இல்லை என்று சொல்லிக்கொண்டாள். ஒரு கம்பளியை மட்டும் எடுத்துப் பியூலா மடியில் வைத்தாள்.

"இது தங்கதொரைக்கு எடுத்தது. எங்கூடப் பொறந்தவன், நான் சொன்னாக் கேட்டுக்கிடுவான். அந்தக் கமுதிக்காரர்ட்ட குடுத்துருங்க. நான் குடுத்தேன்னு சொல்லுங்க. இந்தத் தடவை என் பேரச் சொல்லியே குடுங்க."

பியூலா கம்பளியை ஓரமாக வைத்தாள். பெட்டிக்குக் கயிறு கட்டக் கையைக் கொடுத்தாள். ஜெயமணி இழுத்து முடிச்சுப் போட, இவள் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். போகிறேன் என்று எழுந்து கதவுவரை வந்துவிட்டாள். அப்போது ஜெயமணி கட்டிலுக்கு அடியில் குனிந்து, நீல வர்ணம் பூசிய தகரப் பெட்டி ஒன்றை வெளியே இழுத்தாள்.

லீவு இரண்டு மாதம். அதுவரை இந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வருகிறாள். நான்கு வருஷத்தில் இங்கே தனக்கென்று சேர்ந்தது எல்லாம் இதற்குள்தான். கராமாவில் இருக்கும் ஒரு பெண்ணிடம் இதை வைக்கச் சொல்லியிருந்ததாகச் சொன்னாள். எப்போது சொன்னாள் என்று பியூலா கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு அப்புறமாகத்தான் இருக்கும்.

"அந்தப் பிள்ளைக்கு நான் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிக்கிடுதேன். நீங்க கொண்டு போங்க. பூட்டு கெட்டுப் போச்சும்மா, கொண்டி மட்டுந்தான். பாத்துத் தூக்குங்க."

பெட்டி கனத்தது. பியூலா இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து அணைத்துத் தூக்கிக்கொண்டு, மேலே கம்பளியை வைத்து, கேட்டுக்கு வந்தாள். வெயிலில் நின்றுகொண்டிருந்த ஜெயசீலன் ஓடிவந்து கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டான்.

"தெரியாது" என்றாள் அவள்.

டாக்ஸி பிடிக்கலாமா என்றான், வேண்டாம் என்றாள். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு சத்வாவை நோக்கி நடந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் கொண்டி ஆடிச் சத்தமிட்டது. பியூலா ஒரு கையால் கைப்பிடியையும், வழி முழுக்க இன்னொரு கையால் அந்தக் கொண்டியையும் பிடித்துக்கொண்டே நடந்தாள்.